புழுவின் வரைபடமும் பொதுச் சொத்தான மரபணுத் தொகையும்: ஜான் சல்ஸ்டனின் அறிவியல் பணி

(தேசிய அறிவியல் நாளையொட்டி நடைபெற்ற கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஓர் ஆசிரியருக்குப் பதவி உயர்வு பற்றிய பேச்சு எழுந்தால் முதலில் கேட்கப்படுவது, எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்துள்ளன என்பதே. கட்டுரைக்கு இத்தனை புள்ளி, நூலுக்கு இத்தனை புள்ளி என்று கூட்டிக் கழித்துப் பார்க்கப்படுகிறது. அந்தத் தராசில் மூலக்கூற்று உயிரியலாளர் ஜான் சல்ஸ்டனை நிறுத்தியிருந்தால், அவர் விரிவுரையாளர் நிலையைத் தாண்டியிருக்க மாட்டார். 1969 இல் கேம்பிரிட்ஜ் நகரின் மருத்துவ ஆய்வு மன்றத்து மூலக்கூற்று உயிரியல் ஆய்வுக்கூடத்தில் அவர் சேர்ந்தார். அடுத்த பதினான்கு ஆண்டுகளில் அவர் எழுதிய முதன்மையான கட்டுரைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அக்கட்டுரைகளில் இருந்து கிளைத்த ஆய்வுகளுக்கு அவர் மறைந்த பின்னரும், 2024 இல்கூட, நோபல் பரிசு வந்து சேர்ந்தது.

அவருடைய ஆய்வு எதைக் கண்டறிந்தது என்பது ஒரு பாதி. கண்டறிந்ததை அவர் யாருடைய கையில் கொடுத்தார் என்பது மறு பாதி. ஒரு பாதியை விட்டு மற்றொரு பாதியை விளங்கிக்கொள்ள இயலாது.

சல்ஸ்டன் 1942 இல் இங்கிலாந்தில் பிறந்தவர். தந்தை ஆங்கிலிக்கத் திருச்சபையின் குரு; தாய் பள்ளி ஆசிரியை. மாணவப் பருவத்திலேயே இறைநம்பிக்கையை அவர் கைவிட்டார். பணத்துக்காக வேலை செய்வது இழிவு என்ற வீட்டுப் பாடம் மட்டும் அவரிடம் கடைசிவரை தங்கிவிட்டது. கேம்பிரிட்ஜில் வேதியியல் பயின்று, நியூக்ளியோடைடுகளைச் செயற்கையாக இணைக்கும் முறைகளில் 1966 இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில், உயிரின் தோற்றத்துக்கு முந்தைய வேதிவினைகளை லெஸ்லி ஆர்கெலுடன் ஆராய்ந்தார். அங்கிருந்து அவரைக் கேம்பிரிட்ஜுக்கு ஈர்த்தவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்த சிட்னி பிரென்னர்.

ஒரு மில்லிமீட்டர் புழு

அன்றைய அறிவியல் நிலையைச் சற்று நினைவுகூர வேண்டும். டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவம் 1953 இல் வெளிப்பட்டது. மரபுக் குறிமுறை 1960களில் அவிழ்க்கப்பட்டது. பாக்டீரியாவில் மரபணு எவ்வாறு இயங்குகிறது என்பது ஏறத்தாழ விளங்கிவிட்டது. அடுத்த கேள்வியோ கடினமானது. ஒரே கருமுட்டை பிரிந்து பிரிந்து, தசையும் நரம்பும் குடலும் கொண்ட உடலாக எவ்வாறு ஆகிறது? எந்த உயிரணு எப்போது என்னவாக மாற வேண்டும் என்பதை மரபணுக்கள் எப்படி ஆணையிடுகின்றன? இதற்கு விடை காண, பிரென்னர் மண்ணில் வாழும் ஒரு சிறு உருளைப்புழுவைத் தேர்ந்தெடுத்தார். சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் என்பது அதன் பெயர். நீளம் ஒரு மில்லிமீட்டர். முட்டையில் இருந்து முட்டையிடும் பருவத்தை எட்ட மூன்று, நான்கு நாட்கள் போதும். உடல் கண்ணாடி போல் ஒளிபுகும் தன்மை கொண்டது. உயிரோடு இருக்கும்போதே அதன் ஒவ்வோர் உயிரணுவையும் நுண்ணோக்கியில் காணலாம்.

வேதியியலாளராக வந்த சல்ஸ்டன் முதலில் செய்த பணிகளில் ஒன்று, இப்புழுக்களை உறைநிலையில் பாதுகாத்து மீண்டும் உயிர்ப்பிக்கும் முறையை வகுத்தது. சிறு வேலை போலத் தோன்றும். ஆயினும் ஆயிரக்கணக்கான திரிபு வகைகளைச் சேமித்து வைத்து, கேட்ட ஆய்வுக்கூடத்துக்கெல்லாம் அனுப்ப முடிந்தது இந்த ஒரு முறையால்தான். ஆய்வாளர்களின் சாதனைப் பட்டியலில் இத்தகைய வேலைக்கு வரி கிடைப்பதில்லை; அதன் மேல்தான் மற்றவை நிற்கின்றன.

பிறகு அவர் பார்க்கத் தொடங்கினார். இதைவிடப் பொருத்தமான வினைச்சொல் இல்லை. குஞ்சு பொரித்த புழுவின் உடலில் எந்த உயிரணு எப்போது பிரிகிறது என்பதை நுண்ணோக்கியில் உற்றுநோக்கி, கையால் படம் வரைந்து குறித்துக்கொண்டார். அமெரிக்காவில் இருந்து வந்த ராபர்ட் ஹார்விட்ஸுடன் சேர்ந்து, குஞ்சு பொரித்த பிறகு நிகழும் உயிரணுப் பிரிவுகளை, இனப்பெருக்கச் சுரப்பி நீங்கலாக, 1977 இல் வெளியிட்டார். எஞ்சியது முட்டைக்குள் நடப்பது. அதை எவரும் முழுமையாகப் பின்தொடர முடியாது என்றே பலர் எண்ணினர். கருவுற்ற நேரத்தில் இருந்து குஞ்சு பொரிப்பதற்குச் சுமார் பதினான்கு மணி நேரம். அதற்குள் 671 உயிரணுக்கள் தோன்றுகின்றன. சல்ஸ்டன் ஒரு சிறு அறைக்குள் அமர்ந்து, நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் வீதம் இரு முறை நுண்ணோக்கியை விட்டுக் கண்ணெடுக்காமல், ஒன்றரை ஆண்டுகள் இவ்வாறு பார்த்து முடித்தார். 1983 இல் கருநிலை உயிரணுக்களின் முழு வம்சாவளி வெளிவந்தது. ஒரு விலங்கின் ஒவ்வோர் உயிரணுவும் எந்தத் தாயணுவில் இருந்து பிறந்தது என்று, கருமுட்டை வரை பின்னோக்கிச் சென்று சொல்லக்கூடிய முதல் வரைபடம் அது.

அந்த வரைபடம் மூன்று செய்திகளைச் சொன்னது. வளர்ந்த இருபால் புழுவின் உடலில், இனப்பெருக்க அணுக்கள் நீங்கலாக, 959 உயிரணுக்கள் உள்ளன. புழுவுக்குப் புழு இந்த எண் மாறுவதில்லை. பிரியும் ஒழுங்கும் மாறுவதில்லை. மூன்றாவது செய்தி வியப்புக்குரியது. உண்மையில் 1090 உயிரணுக்கள் பிறக்கின்றன. அவற்றில் 131 சாகின்றன. நோயாலோ காயத்தாலோ அன்று. அதே அணுக்கள், அதே நேரத்தில், எல்லாப் புழுவிலும் சாகின்றன. அப்படியானால் சாவும் ஒரு திட்டம். அத்திட்டத்தை நடத்தும் மரபணுக்கள் இருக்க வேண்டும்.

இந்த நூலைப் பிடித்துக்கொண்டு ஹார்விட்ஸ் தம் ஆய்வுக்கூடத்தில் அம்மரபணுக்களை ஒவ்வொன்றாகக் கண்டறிந்தார். உயிரணுவைச் சாகவிடாமல் தடுக்கும் ஒரு புழு மரபணு, மனிதரிடம் நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்புடைய பிசிஎல்-2 என்னும் மரபணுவுக்கு உறவானது என்பது 1990களின் தொடக்கத்தில் தெரியவந்தது. சாக வேண்டிய அணு சாக மறுப்பதும் புற்றுநோயின் ஒரு வழி. பிசிஎல்-2 புரதத்தின் செயலைத் தடுக்கும் வெனட்டோகிளாக்ஸ் என்ற மருந்து 2016 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. (அதன் விலையை யார் தாங்குவது என்பது தனிக் கதை.) 2002 ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் ஆகிய மூவருக்கும் இப்பணிக்காகவே வழங்கப்பட்டது.

செல்வாக்கு அதோடு நிற்கவில்லை. 1981 இல் மார்ட்டின் சால்ஃபி, ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவரும் எழுதிய ஒரு கட்டுரை, உயிரணு வம்சாவளி பிறழ்ந்த சில திரிபுப் புழுக்களை விவரித்தது. அவற்றில் ஒன்றின் பெயர் லின்-4. இளம் பருவத்துப் பிரிவுகளையே அது திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தது, முதிரத் தெரியவில்லை. அதற்குக் காரணமான மரபணுவை விக்டர் ஆம்ப்ரோஸ் குழுவினர் தேடிச் சென்று 1993 இல் கண்டது, எந்தப் புரதத்தையும் உருவாக்காத, மிகச் சிறிய ஓர் ஆர்என்ஏ துண்டு. அதுவே நுண் ஆர்என்ஏ. ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் அதற்காக 2024 இல் நோபல் பரிசு பெற்றனர். சல்ஸ்டனின் வரைபடம் கையில் இல்லாவிட்டால், அந்தப் புழுவில் எது பிறழ்ந்துள்ளது என்று சொல்லவே முடிந்திராது. சரியானது எது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

பகிர்தல் ஒரு பழக்கம்

புழு ஆய்வாளர்களிடையே 1975 முதல் ஒரு செய்திமடல் வந்துகொண்டிருந்தது. அச்சேறாத முடிவுகள், பாதியில் நிற்கும் சோதனைகள், செய்முறைக் குறிப்புகள் எல்லாம் அதில் வரும். படிப்பவர் பயன்படுத்திக்கொள்ளலாம், எழுதியவரைக் கேட்காமல் மேற்கோள் காட்டக் கூடாது. போட்டியாளர் திருடிவிடுவாரோ என்ற அச்சத்தைவிட, தான் சொல்லாவிட்டால் பிறர் நேரம் வீணாகுமே என்ற எண்ணம் மேலோங்கிய சிறு சமூகம் அது. சல்ஸ்டனின் பிற்கால நிலைப்பாடு மேடைப் பேச்சில் இருந்து பிறக்கவில்லை. இந்த அன்றாடப் பழக்கத்தில் இருந்து பிறந்தது.

1980களில் அவர் ஆலன் கூல்சனுடன் சேர்ந்து புழுவின் முழு டிஎன்ஏவுக்கும் வரைபடம் தயாரிக்கத் தொடங்கினார். பின்னர் செயின்ட் லூயிஸ் நகரின் ராபர்ட் வாட்டர்ஸ்டனும் இணைந்தார். டிஎன்ஏவைத் துண்டுகளாக்கி, எந்தத் துண்டு எதன்மேல் கவிகிறது என்று பார்த்து வரிசைப்படுத்தும் வேலை அது. ஏதேனும் ஒரு மரபணுவைத் தேடும் ஆய்வாளர் எழுதிக் கேட்டால், அப்பகுதியின் துண்டு இலவசமாக அனுப்பப்பட்டது. அவர் கண்டறிந்தது மீண்டும் வரைபடத்தில் சேர்ந்தது. வரைபடத்தின் தாள்கள் 1989 இல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் நடந்த கூட்டத்தில் சுவரில் ஒட்டி விரிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு எழுத்துவரிசையைப் படிக்கும் பணி தொடங்கியது. 1998 டிசம்பரில் புழுவின் 9 கோடியே 70 லட்சம் எழுத்துகளும் 19,000க்கு மேற்பட்ட மரபணுக்களும் வெளியிடப்பட்டன. பல உயிரணுக்கள் கொண்ட ஒரு விலங்கின் மரபணுத் தொகை முழுமையாகப் படிக்கப்பட்டது அதுவே முதல் முறை.

இதற்கிடையே மூலதனம் மோப்பம் பிடித்துவிட்டது. 1991 இல் அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனமே, செயல்பாடு என்னவென்றே தெரியாத மரபணுத் துண்டுகளுக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தது. அத்துண்டுகளைப் படித்தவர் கிரெய்க் வெண்டர். எதிர்ப்புத் தெரிவித்த ஜேம்ஸ் வாட்சன் அடுத்த ஆண்டு அமெரிக்க மரபணுத் திட்டத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்து வெளியேறினார். அந்நாட்களிலேயே ஓர் அமெரிக்க முதலீட்டாளர் சல்ஸ்டனையும் வாட்டர்ஸ்டனையும் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு அழைத்தார். அவர்கள் மறுத்தனர். ஆயினும் அந்த அழைப்பை வைத்தே பொதுநிதியைக் கேட்டுப் பெற்றனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சல்ஸ்டன் துறவி அல்லர், பேரம் பேசத் தெரிந்தவர். வெல்கம் அறக்கட்டளையும் மருத்துவ ஆய்வு மன்றமும் நிதி வழங்க, கேம்பிரிட்ஜுக்கு அருகே ஹிங்ஸ்டனில் சேங்கர் மையம் உருவாயிற்று. 1992 முதல் 2000 வரை அதன் இயக்குநராக அவர் இருந்தார்.

இந்த நிதியின் ஊற்றுக்கண் எது என்று கேட்காமல் கடந்துவிட முடியாது. வெல்கம் அறக்கட்டளையின் செல்வம் வெல்கம் மருந்து நிறுவனத்தின் பங்குகளில் இருந்து வந்தது. எய்ட்ஸ் நோய்க்கான ஏஇசட்டி மருந்தை 1987 இல் சந்தைக்குக் கொண்டுவந்து, ஏழைகளுக்கு எட்டாத விலை வைத்த நிறுவனம் அது. அந்த விலையை எதிர்த்து 1989 இல் போராட்டக்காரர்கள் நியூயார்க் பங்குச் சந்தைக்குள்ளேயே நுழைந்து முழக்கமிட்டனர். அந்நிறுவனப் பங்குகளின் பெரும் பகுதியை 1992 இல் விற்றுக் கிடைத்த பணமே, அறக்கட்டளை பெருந்திட்டங்களில் இறங்க வழி செய்தது. காப்புரிமையில் விளைந்த பணம் காப்புரிமைக்கு எதிரான போரை நடத்தியது. முதலாளித்துவத்துக்குள் இத்தகைய முரண்கள் புதியவை அல்ல. அவற்றைப் பயன்படுத்திக்கொண்டதில் சல்ஸ்டன் தவறு செய்யவில்லை. ஆனால் அந்தப் பொதுநலம் அறங்காவலர்களின் விருப்பத்தைச் சார்ந்து நின்றது என்பதும் மெய்.

வேலி போடும் முயற்சி

1996 பிப்ரவரியில் பெர்முடாத் தீவில் மனித மரபணுத் திட்டத்தின் முதன்மை ஆய்வாளர்கள் கூடினர். சல்ஸ்டனும் வாட்டர்ஸ்டனும் முன்வைத்த கொள்கை எளிமையானது. படித்து இணைத்த எழுத்துவரிசை ஆயிரம் எழுத்துகளைத் தாண்டினால், இயன்றவரை 24 மணி நேரத்துக்குள் பொதுத் தரவுத்தளத்தில் இடப்பட வேண்டும். கட்டுரை எழுதும்வரை காத்திருக்கக் கூடாது. காப்புரிமை கோரக் கூடாது. கூட்டத்தில் வெள்ளைப் பலகையில் எழுதியவர் சல்ஸ்டன். கட்டுரையே நாணயமாக மதிக்கப்படும் தொழிலில், அச்சேறுமுன் முடிவைக் கைவிடுவது என்றால் என்னவென்று ஆய்வுத் துறையில் உள்ள தோழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அதையும் அவரவர் நற்குணத்துக்கு விடாமல், நிதி பெறுவதற்கான நிபந்தனையாக ஆக்கினர்.

இரண்டே ஆண்டுகளில் சோதனை வந்தது. 1998 மே மாதம் வெண்டர், பெர்க்கின்-எல்மர் நிறுவனத்தின் மூலதனத்தோடு புதிய நிறுவனம் ஒன்றை அறிவித்தார். அதுவே செலெரா. மனித மரபணுத் தொகையின் 300 கோடி எழுத்துகளையும் மூன்றே ஆண்டுகளில், 30 கோடி டாலர் செலவில் படித்துவிடப் போவதாகச் சொன்னார். பொதுத் திட்டமோ 2005 ஐ இலக்காகக் கொண்டிருந்தது. தனியார் செய்வதை அரசு ஏன் செய்ய வேண்டும், மக்கள் வரிப்பணம் வீணாகலாமா என்ற பல்லவி அமெரிக்க நாடாளுமன்ற அவையிலும் நாளேடுகளிலும் ஒலித்தது. இந்தப் பல்லவி நமக்குப் பழக்கமானதே. வங்கிக்கும் காப்பீட்டுக்கும் தொலைத்தொடர்புக்கும் இதே மெட்டில்தான் பாடினார்கள்.

சில நாட்களுக்குள் வெல்கம் அறக்கட்டளை தன் பங்கை இரட்டிப்பாக்கியது. மனித மரபணுத் தொகையில் மூன்றில் ஒரு பகுதியைச் சேங்கர் மையம் படிக்கும் என்று அறிவித்தது. அந்த அறிவிப்பு வராமல் இருந்திருந்தால், அமெரிக்கப் பொதுத்துறை ஆய்வு நிறுவனங்கள் தளர்ந்திருக்கும் வாய்ப்பு மிகுதி. அன்று முதல் ஒவ்வோர் இரவும் பொதுத் தரவுத்தளத்தில் புதிய எழுத்துவரிசைகள் சேர்ந்தன. செலெராவும் அவற்றை எடுத்துக்கொண்டது. பொதுத்திட்டத்தின் தரவை நிறுவனம் இலவசமாக எடுக்கும். நிறுவனத்தின் தரவைப் பொதுத்திட்டம் எடுக்க முடியாது. இந்த ஒருவழிப் பாதையைப் பற்றிச் சல்ஸ்டன் பிற்காலத்திலும் கசப்போடு பேசியதுண்டு.

2000 மார்ச் 14 அன்று அமெரிக்க அதிபர் கிளிண்டனும் பிரிட்டன் பிரதமர் பிளேரும், மனித மரபணுத் தொகையின் அடிப்படைத் தரவு எல்லா அறிவியலாளருக்கும் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்று கூட்டறிக்கை வெளியிட்டனர். சட்டம் எதுவும் அதில் மாறவில்லை, வெறும் விருப்பமே. அன்றே உயிரித்தொழில்நுட்ப நிறுவனங்களின் பங்குகள் சரிந்தன. எதன்மீது சூதாட்டம் நடந்துகொண்டிருந்தது என்பதைச் சந்தையே ஒப்புக்கொண்ட நாள் அது. அதே ஆண்டு ஜூன் 26 அன்று இரு தரப்பும் சேர்ந்து முதல் வரைவை அறிவித்தன. 2001 பிப்ரவரியில் கட்டுரைகள் வந்தன. பொதுத் திட்டத்தின் தரவு எவருக்கும், எந்த நிபந்தனையும் இன்றி. செலெராவின் தரவோ, கல்வி நிறுவன ஆய்வாளருக்கு வாரத்துக்குப் பத்து லட்சம் எழுத்துகள் என்ற அளவு கட்டி. அதற்கு மேல் வேண்டுமானால் ஒப்பந்தம். கட்டணச் சந்தா வணிகம் நிலைக்கவில்லை. 2005 இல் செலெராவும் தன் தரவைப் பொதுவில் இட்டது.

இடைப்பட்ட காலத்தில் இழப்பு என்ன? ஹைடி வில்லியம்ஸ் என்னும் பொருளியலாளர் 2013 இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்துள்ளது. செலெரா சில காலம் தன்வசம் வைத்திருந்த மரபணுக்களையும் பொதுத் திட்டத்தில் வெளிவந்த மரபணுக்களையும் அவர் ஒப்பிட்டார். வேலிக்குள் இருந்த மரபணுக்களின் மீது பின்னர் நடந்த ஆய்வும் அதில் இருந்து உருவான நோயறி சோதனைகளும் 20 முதல் 30 விழுக்காடு வரை குறைந்திருந்தன. ஓரிரு ஆண்டு அடைப்புக்கே இந்த விளைவு. பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மேய்ச்சல் நிலங்களுக்கு வேலி போடப்பட்ட கதையை ‘மூலதனம்’ நூலின் முதல் தொகுதியில் படித்த தோழர்களுக்கு இது வியப்பளிக்காது. தனியுடைமை இல்லாவிட்டால் புத்தாக்கம் இல்லை என்போர் விடை சொல்ல வேண்டிய கணக்கு இது.

வரைவை வெளியிட்ட பொதுக் கூட்டமைப்பில் ஆறு நாடுகளின் இருபது ஆய்வு மையங்கள் இருந்தன. அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், பிரான்ஸ், ஜெர்மனி, சீனா. கடைசியாக 1999 இல் சேர்ந்த சீனா ஒரு விழுக்காட்டைப் படிக்கும் பொறுப்பை ஏற்றது. அந்த ஒரு விழுக்காட்டின் வழியே அது கற்றுக்கொண்ட தொழில்நுட்பம் பின்னர் எத்தகைய ஆலமரமாயிற்று என்பது தெரிந்ததே. இந்தியா அப்பட்டியலில் இல்லை. ஆயினும் 2009 டிசம்பரில் தில்லியின் மரபணுவியல் மற்றும் ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனம், இந்தியர் ஒருவரின் மரபணுத் தொகையை முதன்முறையாகப் படித்து அறிவித்தபோது, ஒப்பிட்டு வரிசைப்படுத்தப் பயன்பட்டது அந்தப் பொதுத் தரவுத்தளத்து மாதிரியே. ஒரு ரூபாய்கூடக் கட்டணம் செலுத்தவில்லை. எவரிடமும் அனுமதி கேட்கவில்லை.

சல்ஸ்டனின் வழியில் ஒரு குறை உண்டு. எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்றால், பெருங்கணினியும் பெருநிதியும் உள்ளவரே அதிகம் எடுப்பார். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைப் போல, எடுத்தவர் தாம் சேர்த்ததையும் திறந்து வைக்க வேண்டும் என்ற உரிமத்தை விதிக்கலாமா என்ற யோசனை சேங்கர் மையத்தில் எழுந்தது. எத்தகைய நிபந்தனையும் பொதுமையைக் குலைக்கும் என்று கருதிக் கைவிட்டனர். அந்த முடிவு சரியா என்பது விவாதத்துக்குரியது. திறந்த நிலத்தில் விளைந்ததைக் கொண்டு கட்டப்பட்ட மருந்துக் காப்புரிமைகள் இன்று மலைபோல் குவிந்துள்ளன. இதை அவர் அறியாதவர் அல்லர். ஏழை நாட்டு மக்களின் நோய்களுக்கு மருந்தே ஆராயப்படாத நிலையைக் குறித்து, இயக்குநர் பொறுப்பில் இருந்து விலகிய பின் தொடர்ந்து எழுதியும் பேசியும் வந்தார்.

மார்பகப் புற்றுநோய் மரபணு

இவை எல்லாம் தரவுத்தளக் கதையாகத் தோன்றினால், ஒரு மரபணுவின் வரலாற்றைப் பார்க்கலாம். பிஆர்சிஏ-2 என்னும் மரபணு பிறழ்ந்தால் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் வரும் வாய்ப்பு பன்மடங்காகிறது. இங்கிலாந்தின் மைக்கேல் ஸ்ட்ராட்டன், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருந்த மிரியட் நிறுவனத்தாரோடு சேர்ந்து இதைத் தேடிக்கொண்டிருந்தார். கண்டறிந்தால் மிரியட் காப்புரிமை கோரும் என்று தெரிந்ததும் 1994 இல் அந்தக் கூட்டை முறித்துக்கொண்டார். சேங்கர் மையம் அந்தக் குரோமோசோம் பகுதியைப் படித்துக் கொடுத்தது. 1995 டிசம்பரில் ஸ்ட்ராட்டன் குழுவினர் மரபணுவைக் கண்டறிந்து வெளியிட்டனர். பொதுவில் இடப்பட்ட அதே எழுத்துவரிசை போட்டியாளருக்கும் கைகொடுத்தது. மிரியட் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. பிரிட்டன் தரப்பும் தற்காப்புக்காகக் காப்புரிமை எடுக்க நேர்ந்தது; அதை வைத்து மக்கள் நலவாழ்வுத் துறையின் ஆய்வுக்கூடங்களுக்குக் கட்டணமின்றி அனுமதி வழங்கினர். அமெரிக்காவிலோ பிஆர்சிஏ-1, பிஆர்சிஏ-2 ஆகிய இரு மரபணுக்களையும் சோதிக்கும் உரிமை ஒரே நிறுவனத்திடம் குவிந்தது. சோதனைக் கட்டணம் 3,000 டாலரைத் தாண்டியது. வேறொரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்கக்கூட வழியில்லை. வேறெவரும் சோதிக்கக் கூடாது.

நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(சி) பிரிவு, இயற்கையில் உள்ள உயிருள்ள பொருளையோ உயிரற்ற பொருளையோ கண்டறிவதைக் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. 2005 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போது இடதுசாரிக் கட்சிகள் நாடாளுமன்றத்தில் வலியுறுத்தியதால் 3(டி) பிரிவு கடுமையாக்கப்பட்டது. பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதிய காப்புரிமை பெறும் தந்திரத்துக்கு அது தடை. 2013 ஏப்ரல் 1 அன்று அப்பிரிவின்கீழ் நோவார்டிஸ் நிறுவனத்தின் புற்றுநோய் மருந்துக் காப்புரிமைக் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

பத்து வாரங்கள் கழித்து, 2013 ஜூன் 13 அன்று, வாஷிங்டனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மிரியட் வழக்கில் தீர்ப்பளித்தது. இயற்கையில் உள்ள டிஎன்ஏவைப் பிரித்தெடுத்த மாத்திரத்தில் அது காப்புரிமைக்கு உரியதாகிவிடாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறினர். ஆய்வுக்கூடத்தில் படியெடுத்து உருவாக்கிய டிஎன்ஏவுக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்தனர். மரபணு எழுத்துவரிசை மனிதகுலத்தின் பொது உரிமை என்று பதினேழு ஆண்டுகளுக்கு முன்னர் பெர்முடாவில் பலகையில் எழுதியவருக்கு அப்போது வயது 71. மேலும் ஐந்தாண்டுகள் வாழ்ந்து, 2018 மார்ச் 6 அன்று இரைப்பைப் புற்றுநோயால் அவர் மறைந்தார். தீர்ப்பு வந்த அன்றே, பொழுது சாயுமுன், வேறு நிறுவனங்கள் அதே சோதனையைத் தாங்களும் செய்யப்போவதாக அறிவித்தன. அவற்றில் ஒன்று குறிப்பிட்ட கட்டணம் 995 டாலர்.